டனிஸ்ரனுக்குப் பிரித்த பாதி

இருபத்தொன்பது நாளாக ஒருவரும் தொடாத டிஸ்க்கில், நேற்றுக் காட்டியதைவிட இன்று கூடுதலாக இடம் நிரம்பியிருந்தது. அஞ்சலீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நேற்றுப் பிழையாகப் பார்த்திருப்பேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அவள் புருசன் டனிஸ்ரனின் மடிகணினி அது. மாரடைப்பில் சட்டென்று போன மனுசன், பாஸ்வேர்டை ஒருவருக்கும் சொல்லாமல் கொண்டுபோய்விட்டான். நாலு வயது றொஷினி அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. தகப்பன் கதை சொல்லித் தீத்தினால்தான் அவளுக்கு வாய் திறக்கும். வெறும் பாலைக் குடித்துக்குடித்துப் பிள்ளை ஈர்க்கிலாகிவிட்டது. எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? அவன் தீத்திய வீடியோக்கள் இதற்குள்தான் இருந்தன. அந்தக் குரலைக் கேட்டாலாவது ஒரு வாய் சாப்பிடமாட்டாளா?

வில்லரேயில் இருக்கும் தம்பி றெனோல்ட் போனில் வழி சொல்லியிருந்தான். "விண்டோஸைத் தொடாதேங்கோ அக்கா. டிஸ்க்கைப் பிரிச்சு, பக்கத்தில லினக்ஸைப் போடுங்கோ. அதுக்குள்ளால பாஸ்வேர்ட் இல்லாமலே அத்தான்ர வீடியோவைத் திறக்கலாம்."

பிள்ளையை ஐந்து மணிக்குள் கார்டரிக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். மூன்றரைக்கே யன்னலுக்கு வெளியே பனி கொட்டி இருட்டிக்கொண்டு வர, ஹீட்டர் டிக் டிக்கென்று வெடிக்க, பிள்ளைக்கென்று குழைய வைத்த பருப்புச்சோற்றின் வாசத்தோடு டனிஸ்ரனின் ஷேவிங் லோஷன் மணமும் மெல்லக் கலந்து வருவதாக அவளுக்குப் பட்டது. திரையில் டிஸ்க்கைக் காட்டும் நீளப் பட்டை ஒன்று, அதைப் பிரிக்க ஒரு கோடு. கோட்டை நகர்த்திக் கொஞ்ச இடம் கொடுத்தாள், போதாது என்றது. இன்னும் கொடுத்தாள், போதாது. பாதியையே எடுத்துத் தொலை என்று கோட்டை நட்டநடுவில் விட்டாள். உடனே ஏற்றுக்கொண்டது.

அடுத்து, பாவிப்பவரின் பெயரைக் கேட்டது. வீட்டு லீஸ், கரண்ட் பில், கார்டரிப் படிவம் எல்லாவற்றிலும் புருசனின் பெயரை எழுதியே பழகிய கை. யோசிக்காமல் டனிஸ்ரன் என்று அடித்தாள்.

மடிகணினி இரைந்தது. குசினியில் மேசையடிக் கதிரை இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தாள். யாருமில்லை.

திரும்பி வந்தபோது எல்லாம் ஏறி முடிந்திருந்தது. வீடியோக்கள் வரிசையாகத் திறந்துகொண்டன. ஆனால் முதலாவதில் இன்றைய திகதி. அழுத்தினாள். பனி விழும் தெரு. ஆம்பிளைக் கை ஒன்று. அதைப் பிடித்தபடி சிவப்புக் கையுறை. றொஷினியின் கையுறை.

போன் அடித்தது. கார்டரியில் புதிதாகச் சேர்ந்த பெண், பிரெஞ்சில். பிள்ளையின் தொப்பியைத் தகப்பன் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாராம். படிவத்தில் இருந்த பெயரைச் சரியாகச் சொன்னதால் அனுப்பிவிட்டார்களாம்.

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

திரையில் இப்போது ஒரு குசினி. இதே குசினி. இதே மேசை. பருப்புச்சோறு.

ஓடிப்போய்ச் சட்டியைத் திறந்தாள். துடைத்து வழித்த மாதிரி வெறுமை.

திரையில் அவன் விரல்கள் உருண்டை பிடித்தன. றொஷினி வாயைத் திறந்தாள். மென்றாள். சிரித்தாள்.

"றொஷினி!" அஞ்சலீனா இரண்டு கையாலும் திரையில் அடித்தாள். "அம்மா இஞ்ச! இஞ்ச பாரம்மா!"

பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது.

"அப்பா, ஆரோ கூப்பிடுகினம்."

"அது மற்றப் பக்கம், குஞ்சு. நீங்கள் சாப்பிடுங்கோ."

றொஷினி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.