தூதனுக்குச் சொன்ன சொல்

காற்றே இல்லை. ஆனாலும் மதில்மேல் ஓநாய்க்கொடி ஊளையிட்டது.

ரோலூசி தினைக்கூழைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான். வெண்கலத்தில் ஓநாய்த் தலை, பின்னால் நீளத் துணியுடம்பு. திறந்த வாய்க்குள் காற்று புகுந்தால் ஊளையிடும். புகுந்தால்தான். அன்றோ பகல் முழுக்க மூடுபனி மலைச்சரிவில் அசையாமல் கிடந்தது. அடுப்புப் புகைகூட வெளியேற மனமில்லாமல் உத்தரத்தடியில் தேங்கி, ஈரக் கம்பளி நாற்றத்தோடும் பால்கட்டிப் புளிப்போடும் கலந்து, மூலையில் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த மகள் திட்டிலாவின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு தமனாயிஸ் சிரித்துக்கொண்டே உள்ளே தலை நீட்டினாள். சிரிக்காமல் வரக்கூடாது. இந்த மலையில் குழந்தை பிறந்தால் அழுவார்கள், செத்தால் சிரிப்பார்கள். அதுதான் மரியாதை. செத்தவன் ரோலூசியின் கணவன் தினிபோர். அதுவும் ஊருக்காக ஈட்டிமேல் விழுந்து உயிர்விட்டு, சாமி சல்மோக்சிஸிடம் தூது போனவன். சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதடி. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? ஒரே குத்துல போய்ச் சேந்தாரு உம் புருஷன். எங்க மாமா மாதிரி சாகாம ஈட்டி நுனியில முழிச்சுக்கிட்டுக் கெடந்து, பாவின்னு பேரா வாங்குனாரு?"

"அக்கா, கொடி கத்துது. காத்தே இல்லையே."

"சாமி சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். எங்க மாட்டுக்கு நல்ல கன்னா கேட்டிருக்கேன். மறக்காம சொல்லியிருப்பாரா?"

"அவர் எதையும் மறக்க மாட்டார்."

தமனாயிஸ் திரும்பி மதிலை அண்ணாந்து பார்த்தாள். பனி அங்கே கொஞ்சம் விலகியிருந்தது. அவள் சிரிப்பு அடங்கியது.

"கொடி வெறும் துணியா தொங்குதுடி."

"அப்போ கத்துறது யாரு?"

"காட்டு ஓநாயா இருக்கும். எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

ஊளை மறுபடி கேட்டது. மதிலிலிருந்து இல்லை. சரிவின் அடியில், தினிபோரைப் புதைத்த மேட்டுப் பக்கமிருந்து.

ரோலூசி கூழை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். தூது போகும் சீட்டு தினிபோர் பெயருக்கு விழுந்த அன்று ஊரே வரிசையில் நின்றது. சரிவின் அடியில் இருக்கும் கொல்லன் கைகிசாவிலிருந்து தொடங்கி வீடுவீடாக மேலேறி, ஒவ்வொருவரும் தினிபோரின் கையைப் பிடித்துத் தங்கள் வேண்டுதலைச் சொன்னார்கள். அவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். பிறகு அவர்கள் "போ" என்றார்கள். விறகுக்குப் போகிறவனையும் போருக்குப் போகிறவனையும் "போயிட்டு வா" என்றுதான் அனுப்புவார்கள். தூதனுக்கு மட்டும் வெறும் "போ". தூதன் திரும்பி வரக்கூடாது.

தூதன் வீடு எப்போதும் கடைசி. "திட்டிலாவோட சூடு தணியணும்னு கேளுங்க" என்றாள் ரோலூசி. அவன் திருப்பிச் சொன்னான். கை குளிர்ந்திருந்தது. தினமும் காலையில் ஆடு ஓட்டிப் போகிறவனிடம் சொல்வதுபோல, "போயிட்டு வாங்க" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். "சரி" என்றான். அதற்குள் ஆட்கள் அவன் கைகால்களைப் பிடித்து ஆட்டி, நட்டுப் பிடித்த மூன்று ஈட்டிகளின் மேல் வீசிவிட்டார்கள்.

அவள் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. வாய் தவறித்தான் வந்ததா என்று இப்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கீழே கைகிசாவின் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. ஓங்கிய ஓர் அடி விழாமலே நின்றது.

கொல்லனுக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நின்றது.

அதற்கு மேல்வீட்டில் யாரோ தறி நெய்துகொண்டிருந்தார்கள். அதுவும் நின்றது.

வரிசை. ஊரார் வேண்டுதல் சொன்ன அதே வரிசையில் பதில் சொல்லிக்கொண்டு வருகிறான். ரோலூசி ஓடிப்போய்த் தாழிட்டாள். மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கொதிக்கட்டும். கொதித்தால் உயிர் இருக்கிறது. "வேண்டாம், ஒண்ணும் கேக்கலை நான்" என்று முணுமுணுத்தாள்.

சுவருக்கு அப்பால் மாடு ஒருமுறை கத்தியது. பிறகு தமனாயிஸின் குரல்.

"யாரு... தம்பியா? வாங்க, வாங்க. கன்னு விஷயம் என்ன ஆச்..."

அவ்வளவுதான்.

வாசல் கட்டையில் காலைத் தட்டி மண் உதறும் சத்தம். இரண்டு தட்டு. மந்தையிலிருந்து வந்தால் அவன் அப்படித்தான் தட்டுவான்.

தாழ் தானாகக் கழன்று விழுந்தது.

புதுமண் வாசனை. அவன் தலை குனிந்து நின்றான். வாய் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறும்போது அமைதி. இறங்கும்போது, நெஞ்சின் மூன்று ஓட்டைகளிலிருந்தும் ஊளை.

அவளை அவன் பார்க்கவில்லை. குனிந்து, மகளின் காதருகே நெஞ்சைக் கொண்டுபோனான்.

முனகல் நின்றது. ரோலூசி பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். சூடு தணிந்திருந்தது. கன்னம், கழுத்து, பாதம். சுத்தமாகத் தணிந்து, ஆற்றுக்கல்லாகக் குளிர்ந்து கிடந்தது.

"ஐயோ, என் தங்கமே!"

திட்டிலா எழுந்தாள். ஆட்டுத்தோல் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள். இதுவரை ஒருநாளும் தானாக மாட்டியதில்லை. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரேம்மா."

"போ" என்று சொன்னால் போதும். போனவர்கள் போனவர்களாகவே இருப்பார்கள். அது ரோலூசிக்குத் தெரியும். உதடுவரை வந்தது. பிள்ளையின் பின்னங்கழுத்தில் வியர்வையில் ஒட்டிய முடி இன்னும் காயவில்லை.

"போயிட்டு வா, கண்ணு" என்றாள்.

பிறகு அவள் கதவைச் சாத்தவில்லை. கூழை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். மூன்று கிண்ணம் எடுத்து வைத்தாள். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. சிரிப்புச் சத்தம்கூட இல்லை.

கூழ் கொதி வந்தபோது சரிவின் அடியில் ஊளை கேட்டது. கூடவே இன்னொன்று, பால்பல் இடுக்கில் விசில் அடிப்பதுபோல மெல்லியது. இரண்டும் மேலேறி வந்துகொண்டிருந்தன.