முதல் தீ

"அப்படி என்னத்தங்க கேக்கணும்னு சொன்னாக அந்த அக்கா?"

"தெரியலையே ஷீலா. புகையிலைப் பாட்டிலை மூடுறப்ப, 'உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும், இதைத் தொறக்குற அன்னைக்குக் கேக்குறேன்'னா. ஏழு வருசம் பழுக்கணும்னு தேதி எழுதி ஒட்டுனா. மூணே மாசத்துல போயிட்டா."

"போனவுக வந்து கேப்பாகன்னா காத்துக் கெடக்கீக?"

ஆஸ்டின் சிரித்தார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

கல்யாணமான முதல் மாதம் நடந்த பேச்சு அது. இரண்டு வருடமாகியும் அந்தச் சிரிப்பு ஜெப ஷீலாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் ஆஸ்டின் ஊர் ஊராகப் புகையிலை வாங்கி வருவார். அதைக் கலந்து கண்ணாடி பாட்டிலில் அடைப்பது அவருடைய முதல் மனைவி ஜெயக்கொடியின் வேலை. மஞ்சள் இலை மூன்று பங்கு, கருத்த இலை ஒரு பங்கு. மூடுமுன் புகைபிடிக்கும் பைப்பில் ஒரு இழுப்பு இழுத்து, புகையைப் பாட்டிலுக்குள் ஊதிவிட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றுவாளாம். 'என் மூச்சும் சேந்து பழுக்கட்டும்.'

பைப்பில் முதலில் வைக்கும் தீ நிற்காது. மேல் இலையைக் கருக்கிவிட்டு அணைந்துபோகும். விரலால் அழுத்திவிட்டு இரண்டாவது வைப்பதுதான் நின்று எரியும். முதல் தீ ஜெயக்கொடிக்கு. பிறகு குழலைச் சேலைத் தலைப்பில் துடைத்து அவர் கையில் கொடுப்பாள். இப்போது இரண்டு தீயையும் ஆஸ்டினே வைத்துக்கொள்கிறார். ஷீலா ஒருமுறை பைப்பைக் கையில் எடுத்தபோது, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாக வாங்கிக்கொண்டார். அந்த முதல் தீயை எனக்குத் தாங்க என்று கேட்க இரண்டு வருடமாக அவளுக்கு வாய் வரவில்லை.

நாளை ஞாயிறு. பாட்டிலில் எழுதியிருந்த தேதி.

ஜெயக்கொடியின் கல்லறைக்கு மாலை வாங்க ஆஸ்டின் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். மதியம் மூன்று மணி. துவைத்த துணி பத்து நிமிடத்தில் விறைத்துக் காயும் வெயில். திருச்சுழி ரோட்டுக்கு அப்பால் கருவேலங்காட்டில் விறகைக் கரியாக்க மூட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் புகை ஜன்னலில் கசிந்துகொண்டிருந்தது. அலமாரியைத் துடைக்க வந்த ஷீலா அப்போதுதான் பார்த்தாள்.

பாட்டில் வேர்த்திருந்தது.

தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. பனி உள்பக்கம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லக் கலைந்து, கறுத்த இலைகள் தெரிந்து, மறுபடி மெல்லப் படர்ந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் யாரோ ஊதி ஊதி விளையாடுவதுபோல.

"டீச்சர்!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். எதிர் வீட்டுத் தங்கச்செல்வி கதவருகே நின்றாள். பள்ளிக்கூட வேலையால் ஷீலாவுக்குத் தெருவில் அதுதான் பெயர்.

"என்ன, கப்பக்காரர் அதுக்குள்ள வந்துட்டாரா? ரோடு வரைக்கும் பைப்பு வாசம்ல வருது!"

"அவுக இன்னும் வரலையே."

"அப்ப நீங்கதான் ஊதுறீகளாக்கும்!" தங்கச்செல்வி சிரித்தாள். "சும்மா சொன்னேன். கொடியக்கா இருக்கும்போது இந்த வாசந்தான் வரும். ரெண்டு பேரும் சோடி போட்டுக் குடிப்பாக. பாக்கவே கண்ணு நெறையும்."

அவள் போன பிறகும் 'சோடி' என்ற அந்த வார்த்தை போகவில்லை. நாளை அவர் இந்த மேசையில் உட்கார்ந்து, செத்தவளோடு சோடி போட்டுக் குடிப்பார். ஷீலா காபி போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்காத ஒரு கேள்விக்காக ஒரு மனிதன் ஏழு வருடம் காத்திருந்தால், பக்கத்தில் படுத்திருப்பவள் யார்?

கத்தியை எடுத்து மெழுகை வெட்டினாள்.

மூடி திறந்ததும் அத்திப்பழமும் கருப்பட்டியும் புளித்த மாவும் கலந்த வாசம், பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை உதறியதுபோல, முகத்தில் வந்து விழுந்தது. இலைமேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் என்றுதான் நினைத்தாள். பழுத்த இலையில் சர்க்கரை பூக்கும், அதுதான் ருசி என்று ஆஸ்டின் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அவரது பைப்பில் திணித்தாள். தீக்குச்சியைக் கிழித்தாள்.

அவசரப்பட்டு இழுத்தால் நாக்கைச் சுடும், சூடான காபிபோல உறிஞ்ச வேண்டும் என்பார். உறிஞ்சினாள். தித்தித்தது. அதன்பின் லேசான உப்பு. கண்ணீரின் உப்பு.

தீ அணைந்தது. முதல் தீ.

புகையை வெளியே விட வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

மறுபடி ஊதினாள். ஒன்றுமில்லை. தூரம் நடந்து வந்தவர் நாற்காலியில் அமர்வதுபோல நெஞ்சுக்குள் எதுவோ மெல்ல உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்தாள். மார்பு ஏறி இறங்கியது. அவள் விடாத மூச்சு. பாட்டிலின் பனி படர்ந்த அதே நிதானம்.

பாட்டிலைப் பார்த்தாள். இப்போது அதில் பனி இல்லை.

பைக் சத்தம். ஆஸ்டின் மாலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். வெட்டிய மெழுகைப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஷீலா, என்ன பண்ணிட்ட?"

கேட்டுவிடலாம், இப்போதாவது. எனக்கும் ஒரு தடவை தாங்க. வாய் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்தது. ஒருநாளும் பழகாத விரல்கள் பைப்பில் இலையைப் பதமாக அழுத்தின. குழலைச் சேலைத் தலைப்பில் துடைத்தன. அவரிடம் நீட்டின.

பொட்டலம் தரையில் விழுந்தது.

"கொடி?"

இல்லைங்க. நான். நான்தான், ஷீலா.

அறை வளைந்தது. ஜன்னல் நீண்டு மஞ்சளாயிற்று. சுற்றிலும் அத்திப்பழ வாசம். ஈர இலை. கழுத்தை அழுத்தும் இலை. தூரத்தில், பெரிதாக, ஆஸ்டினின் முகம். அதில் ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒருநாளும் கிடைக்காத சிரிப்பு.

கத்தினாள். எதிரே கண்ணாடியில் பனி படர்ந்தது. கலைந்தது. படர்ந்தது. வேகமாக.

அவர் பார்க்கவில்லை. அவர் கண் எதிரே நின்றவளை விட்டு அகலவில்லை. பைப்பை நிறைத்ததும் பாட்டிலை மூடிவிட வேண்டும், காற்றுப் பட்டால் இலை காய்ந்துபோகும். கைப்பழக்கம். மூடியைத் தடவி எடுத்தார். திருகினார்.

"கேளுடி," என்றார். "ஏழு வருசமாச்சு. என்ன கேக்கணும்?"

மூடி இறுகியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஷீலாவின் உதடுகள் புகையோடு பிரிந்தன.

"இனிமே என்னைய விட்டுட்டு எங்கயும் போகாதீக."