கியூஸ்ட்ரினில் ஏறியது

கார் புறப்பட்டு இருபது மீற்றர்கூடப் போகவில்லை, ஆசனப் பட்டியைப் போடச் சொல்லும் மணி அடிக்கத் தொடங்கியது.

குமுதினி தன் பட்டியைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தாள். ஸ்டியரிங் பிடித்திருந்த அவள் கணவன் ஜெசிந்தனும் போட்டிருந்தான். மணி விடாமல் அடித்தது. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே ஐந்து இருக்கைகளின் சின்னப் படம் ஒன்று எரிந்தது. முன்னால் இரண்டும் பச்சை. பின்னால் நடுவில் இருந்தது மட்டும் சிவப்பு.

"பின்னுக்கு என்னத்தை வைச்சனீர்?" என்று கேட்டான் ஜெசிந்தன்.

"என்ர பை. தண்ணிப் போத்திலும் அதுக்குள்ளதான்."

"அதுதான். அந்தப் பாரத்துக்கு ஆளெண்டு நினைச்சுக் கத்துது. எடுத்துக் கீழ வையும்."

அவள் உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினாள். பை நடுவில் இல்லை. பழைய கோட்டையொன்றைப் பார்க்கக் காரை விட்டு இறங்குவதற்கு முன் அதைத் தன் கையாலேயே இருக்கையின் நடுவில் வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அது கதவோரமாய் ஒட்டிக்கொண்டு கிடந்தது, யாரோ உட்கார இடம் வேண்டுமென்று தள்ளி வைத்ததுபோல. அவள் அதை எடுத்துத் தன் காலடியில் வைத்தாள்.

சிவப்பு அணையவில்லை.

ஜெசிந்தன் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் பார்சல் வான் ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டு மணிகளை அழுத்துகிறவன். சிக்காகோவிலிருந்து கலிபோர்னியாக் கடற்கரை வரை போகும் அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையில் ஒரு தரமாவது கார் ஓட வேண்டும் என்று கல்யாணம் கட்டின நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அகதிப் பயணப் பத்திரத்தோடு அமெரிக்க விசா கேட்டு இரண்டு தரம் 'இல்லை' என்று பதில் வந்தது. பிறகு ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "எங்கட வாசலாலயே ஒரு பழைய ரோட்டுப் போகுது, நாங்கள் ஏன் அங்க போவான்?" என்றான். ஆகனில் தொடங்கி டோர்ட்முண்ட், மக்டெபுர்க், பேர்லின் என்று ஜெர்மனியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போலந்து எல்லையில் முடியும் முதலாம் இலக்கச் சாலை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் குமுதினிக்கு நவம்பரில்தான் லீவு கிடைத்தது. ஐந்து நாள் ஓடினார்கள். ஒவ்வொரு ஊரிலும் '1' என்று எழுதிய மஞ்சள் பலகையின் கீழே அவன் ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு நிற்க, அவள் படம் எடுத்தாள்.

சாலை எல்லை ஆற்றோடு முடிந்தது. ஆனால் முன்னொரு காலத்தில் அது ஆற்றைத் தாண்டி, பழைய கியூஸ்ட்ரின் ஊருக்குள்ளால் போயிருந்தது. அந்த ஊரைப் பார்க்காமல் திரும்ப ஜெசிந்தனுக்கு மனம் வரவில்லை. பாலத்தைக் கடந்து போலந்துப் பக்கம் போய்க் கோட்டை வாசலில் காரை விட்டார்கள்.

உள்ளே ஊர் இல்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் எரிந்துபோன ஊர் அது. மிச்சச் செங்கல்லையும் பிறகு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தெருக்கள் மட்டும் அப்படியே இருந்தன. கல் பதித்த தெரு, நடைபாதை, நடைபாதையோரத்தில் வீட்டுப் படிகள். மூன்று படி ஏறினால் கதவில்லை, சுவரில்லை, புல்லும் முள்ளுப் பற்றையும்தான். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி படிப்படியாக ஏறி வந்தது. வேறு ஒருவரும் இல்லை.

ஜெசிந்தன் ஒரு வீட்டின் படியில் ஏறி, இல்லாத மணியை விரலால் அழுத்தினான். "ஹலோ, பக்கேற்!" என்று, வேலையில் பார்சல் வந்திருப்பதைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து, தலையைச் சரித்து உள்ளே பார்த்து, "தனியவோ இருக்கிறியள்? எங்களோட வாருங்கோவன், காரில இடம் இருக்கு," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

குமுதினி சிரிக்கவில்லை. "காணும், இறங்குங்கோ," என்றாள். அவன் இறங்கி வந்தான். காருக்குத் திரும்பும்வரை அவள் காதில் தங்கள் இருவரின் சப்பாத்துச் சத்தம்தான் கேட்டது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ," என்றாள். "ஆரும் உள்ளுக்க ஏறி ஒளிஞ்சிருந்தால்?"

அவள் பயந்தது மனிதருக்குத்தான். அந்த எல்லையால் ஆட்களைக் களவாகக் காரில் ஏற்றிக் கடத்துகிறார்கள் என்று பேர்லினில் தங்கிய வீட்டில்கூடச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மன் பக்கத்தில் பொலிஸ் ஒவ்வொரு காராய் மறித்துப் பார்க்கிறது. அவளுடைய குடியுரிமை அன்ட்ராக், அந்த விண்ணப்பம், பதினொரு மாதமாக நகரசபை மேசையில் கிடந்தது. காரில் ஒருவன் பிடிபட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

ஜெசிந்தன் பாலத்துக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினான். பின்கதவைத் திறந்தான், இருக்கைக்குக் கீழே கைபேசி வெளிச்சம் அடித்தான், டிக்கியைத் திறந்து பயணப் பெட்டிகளை இழுத்துப் பார்த்தான். இருக்கையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அழுத்திய கையை உடனே எடுத்துக் காற்சட்டையில் துடைத்தான்.

"என்ன?"

"ஒண்டும் இல்லை. குளிருது, அவ்வளவுதான். சென்சர் பழுது." அவன் பின்னிருக்கையின் நடுப் பட்டியை இழுத்து, ஆளில்லாத இருக்கைக்குக் குறுக்கே போட்டுக் கொழுவினான். கிளிக். மணி நின்றது. "பாத்தீரே? முடிஞ்சுது கதை."

படத்தில் மூன்று பச்சை.

பாலத்தில் ஏறினார்கள். கீழே ஆறு இருப்பது தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ நகர்ந்தது, அவ்வளவுதான். ஹீற்றரை ஜெசிந்தன் கூட்டினான். கூட்டக் கூட்ட வேறொரு மணம் மேலே வந்தது. மழையில் நனைந்த அடுப்புச் சாம்பலின் மணம், அதற்கடியில் கனகாலம் திறக்காத நிலவறையின் மணம். குமுதினி தன் கோட்டின் கையை முகர்ந்தாள். கோட்டில் இல்லை. அது பின்னாலிருந்து, கழுத்தின் உயரத்துக்கும் கீழேயிருந்து, விட்டு விட்டு வந்தது. மூச்சு வருவதுபோல.

"மணக்குதே உங்களுக்கு?"

"வயல்ல எரிக்கிறாங்கள் போல." அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஐந்து நாளாக இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் பின்கண்ணாடியைப் பார்த்து ஓடிய மனிதன் பாலத்திலிருந்து ஒருதரம்கூடப் பார்க்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

பாலம் முடிந்து கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வெகு முன்னால், மூடுபனிக்குள், நீல வெளிச்சம் சுழன்றது.

"பொலிஸ் கொன்ட்ரோல்," என்றான் ஜெசிந்தன். "பத்து நிமிசம். காட்டை எடுத்து வையும்."

அவள் வதிவிட அட்டைகள் இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வைப்பர் ஒருதரம் போய் வந்தது. அப்போது அவளுடைய இருக்கையின் முதுகில் ஏதோ தட்டியது.

மெதுவாக. முதுகெலும்பின் அடியில். ஒருதரம். பிறகு இன்னொருதரம். காலாட்டிக்கொண்டு இருக்கிற ஒருவரின் சப்பாத்து நுனி படுவதுபோல.

"இஞ்சருங்கோ."

"ம்."

"ஆரோ என்ர சீற்றைத் தட்டுகினம்."

ஜெசிந்தன் முன்காரின் சிவப்பு விளக்கையே பார்த்தான். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன. முன்கார் இரண்டு மீற்றர் நகர, அவனும் நகர்த்தினான்.

"நான் இறங்கப் போறன்," என்றாள். "எனக்கு ஏலாது."

"இறங்காதையும்." குரல் கரகரத்தது. "அங்க பாரும், லைற் அடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். எல்லையில காரால குதிச்சு ஓடுற ஆளை என்னெண்டு நினைப்பாங்கள்? உம்மட அன்ட்ராக்கை யோசியும். இன்னும் ஆறு கார்தான்."

"நீங்கள் பாத்தனீங்களே? கண்ணாடியில?"

"முன்னுக்குப் பாரும், குமுதினி."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை.

அவள் முன்னால் பார்த்தாள். ஆனால் பக்கத்துக் கண்ணாடி அவள் கண்ணின் ஓரத்தில் இருந்தது. அதில் தங்கள் காரின் பின்கதவு ஜன்னல் தெரிந்தது. உள்பக்கமாக, ஜன்னலின் அடி விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு தட்டு அளவுக்கு நீராவி படிந்திருந்தது. அது சுருங்கியது. பிறகு பெரிதானது. சுருங்கியது. பெரிதானது. பட்டி போட்ட நடு இருக்கையிலிருந்து அந்த ஜன்னலுக்கு எட்டாது. அவள் அதை யோசிக்க விரும்பவில்லை.

ஐந்து கார்.

முதியோர் இல்லத்தில் சாகக் கிடப்பவர்களோடு இரவிரவாக இருந்தவள் அவள். மூச்சின் கணக்குத் தெரியும். ஜெசிந்தனின் மூச்சு. தன்னுடைய மூச்சு. மூன்றாவது ஒன்று. சின்னது, வேகமானது.

நாலு கார்.

தட்டல் நின்றது. வைப்பரும் நின்றிருந்தது.

கிளிக்.

பட்டி கழன்ற சத்தம். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போகும் சத்தம். மணி ஒரே ஒருதரம் அடித்தது. படத்தில் நடு இருக்கை சிவப்பாகியது. ஜெசிந்தன் கண்ணை மூடி உதட்டுக்குள் செபம் சொன்னான். அவள் அட்டைகளை இறுக்கிப் பிடித்தாள். கழுத்தில் ஒரு கை விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

விழவில்லை.

சிவப்பு அணைந்தது.

மூன்று கார். இரண்டு. மணி அடிக்கவில்லை. மூன்றாவது மூச்சு அவளுடைய மூச்சோடு கலந்துவிட்டதா, இல்லை நின்றேவிட்டதா, பிரித்தறிய முடியவில்லை. பக்கத்துக் கண்ணாடியைத் துணிந்து பார்த்தாள். ஜன்னலில் நீராவி இல்லை. ஜெசிந்தன் மெல்லத் தலையை நிமிர்த்தி, பாலத்துக்குப் பிறகு முதல்தரமாகப் பின்கண்ணாடியைப் பார்த்தான். அவன் தோள்கள் தளர்ந்தன.

"போயிட்டுது," என்றான்.

"என்னது போனது? நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?"

"வேண்டாமப்பா. வீட்டை போய்ச் சொல்லுறன். போயிட்டுது."

அவளுக்கு அழுகை வந்தது. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இவ்வளவு நேரம் விறைத்து இருந்ததால் என்று நினைத்தாள்.

பொலிஸ்காரன் கையைக் காட்ட, ஜெசிந்தன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். குளிர் உள்ளே வந்தது. இருபத்தைந்து வயதுகூட இராத பையன், தொப்பியில் பனித்துளிகள். மரியாதையாக வணக்கம் சொன்னான். எங்கே போய் வருகிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டான். கோட்டை பார்க்கப் போனோம் என்றான் ஜெசிந்தன். பொலிஸ்காரன் அட்டைகளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகங்களைச் சரிபார்த்தான். பின்ஜன்னலுக்குப் போனான். டோர்ச் வெளிச்சம் பின்னிருக்கையில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகப் போய் வந்தது. குமுதினி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்து அட்டைகளைக் கொடுத்தான்.

"எல்லாம் சரி. போகலாம்." பிறகு குனிந்து, ஜெசிந்தனைத் தாண்டிக் குமுதினியின் பக்கம் பார்த்து, கண்டிப்பும் சிரிப்புமாகச் சொன்னான்: "ஆனால் அம்மா, பின்னிருக்கை முழுக்க வெறுமையாக இருக்கிறதே. பிள்ளையை ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள்?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் வாய் திறந்தபடி இருந்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தொடைகளின் மேல் இருந்த குளிருக்கு ஒரு பாரம் இருந்தது. அது அசைந்து, தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு, அவள் நெஞ்சில் முதுகைச் சாய்த்தது. நனைந்த சாம்பல் மணத்தோடு ஏதோ ஒன்று, மயிர்போல, அவள் நாடியில் உரசியது.

பொலிஸ்காரன் டோர்ச்சைத் தாழ்த்தினான். அவள் மடியைப் பார்த்துப் புன்னகைத்து, கையுறை போட்ட விரல்களை ஆட்டினான்.

அவளுடைய கோட்டுப் பொத்தான்களுக்கு முன்னால், மண்ணும் கரியும் படிந்த சின்னக் கை ஒன்று மேலே எழுந்து, அவனுக்குத் திருப்பி ஆட்டியது.