ஒன்பது கைப்பட்டைகள்

ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே பிருந்தாவின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன.

"அக்கா, கையை நீட்டுங்க. எனக்கு ஆறு மணிக்கு மீட்டிங்."

"இரு ஸ்டெஃபி, மாவுக் கை. கழுவிட்டு வரேன்."

எதிர்வீட்டு ஸ்டெஃபி தன் மனமானிப் பட்டையைக் கழற்றி பிருந்தாவின் மணிக்கட்டில் மாட்டினாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். பட்டை பச்சை காட்டியது. அடுத்து மூன்றாம் மாடி ரியாஸ். அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். இரண்டு கையிலும் பட்டைகள் முழங்கையை நோக்கி ஏறின.

"வளைகாப்புப் பொண்ணு மாதிரியே இருக்கீங்கக்கா," என்றான் ரியாஸ்.

"அம்பத்து நாலு வயசுலயா? போடா."

ஒன்பதாவது பட்டை அவள் கணவன் முகுந்தனுடையது. அவன் உள்ளறையிலிருந்து மடிக்கணினித் திரையைப் பார்த்தபடியே வந்து, பார்த்தபடியே மாட்டிவிட்டுப் போனான்.

மனநலச் சமன் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. ஓசூர் மின்கலப் பேட்டையில் வேலைக்குப் போகிற எல்லோர் கையிலும் மனமானி உண்டு. நாடி, வியர்வை, தோலின் சூடு மூன்றையும் வைத்து, மனசு எப்படி இருக்கிறது என்று அது நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். மாலை ஆறிலிருந்து ஏழு வரை தன்பேணல் நேரம். ஆபீஸை மறந்து நடக்கலாம், பாட்டுக் கேட்கலாம், மூச்சைக் கவனிக்கலாம். எண் மட்டும் எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. முப்பதுக்கும் கீழே போனால் வண்டி வந்துவிடும். ஓய்வகத்தில் மூன்று வாரம்.

நல்ல சட்டம்தான். ஆனால் விட்டுப்போன வேலையையெல்லாம் முடிக்க எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அப்படித்தான் ஸ்டெஃபி ஒருநாள் பிருந்தாவிடம் பட்டையைக் கொடுத்தாள். தொண்ணூற்றிரண்டு காட்டியது. அந்தக் குடியிருப்பு அப்படி ஓர் எண்ணைப் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் ஒன்பது பேர் ஆனார்கள்.

பிருந்தாவுக்கென்று மனமானி கிடையாது. ஒருமுறை அதைக் கொடுக்கிற ஆபீஸுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"வீடு."

"அது இருக்கிற இடம்மா. வேலையைக் கேட்டேன்."

இன்று முகுந்தன் பட்டையை மாட்டிவிட்டுப் போனதும், சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள். அணைத்திருந்தது. உட்கார்ந்தாள். மறுபடி போய்ப் பார்த்தாள். மார்பில் கடலைப்பருப்பு அளவு ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்து அனுப்பி எட்டு நாள் ஆகியிருந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு சொல்கிறார்கள். பட்டைகள் எண்பது என்றன. எழுபத்தாறு என்றன. ஒன்பது பேர் பிழைப்பாயிற்றே என்று அவள் மூச்சை எண்ணத் தொடங்கினாள். நாலு எண்ணுவதற்குள் கை தானாக மார்புக்குப் போயிற்று. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில ரிசல்ட் சொல்றாங்க. கூட ஒருத்தர் வரணும்னாங்க."

"நாளைக்கா?" முகுந்தன் திரும்பவில்லை. "நாளைக்கு எனக்கு ஓய்வு நாள். ஏரிக்கரைல மௌன நடை. பேர் குடுத்தாச்சு."

"மௌனமா அடுத்த வாரம் நடங்களேன்."

"புரியாம பேசாத. ஆஸ்பத்திரி வாடை பட்டாலே எனக்கு எண் இறங்கிடும். நம்மள நாமதான் பாத்துக்கணும்."

"என்னை யார் பாத்துக்கிறது?"

"உனக்கென்ன பிருந்தா. உன் நம்பர் தொண்ணூத்திரண்டு."

"அது என் நம்பர் இல்ல. உங்க நம்பர்."

அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். இந்தமுறை மூச்சை எண்ணவில்லை. மஞ்சளான பட்டைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஆறு நாற்பதுக்கு ஒன்பதும் ஒரே குரலில் அலறின.

மாடிப்படியெங்கும் ஓடிவரும் காலடிச் சத்தம்.

"அக்கா, என்னக்கா பண்ணீங்க?"

"கழட்டுங்க, கழட்டுங்க, வண்டி வந்துடும்."

"இருபத்தொண்ணுன்னு காட்டுதே. அடக் கடவுளே."

ஆளாளுக்குப் பிடுங்கித் தங்கள் கையில் மாட்டிக்கொண்டார்கள். பட்டையை இரவல் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். அதற்கு ஓய்வகமே மேல் என்று முகுந்தன் உட்பட எல்லோரும் பேசாமல் வண்டியில் ஏறினார்கள். ஏறும்போது எட்டு வீட்டுச் சாவிகளும் பிருந்தாவின் கைக்கு வந்தன.

"மீனுக்குத் தீனி போட்டுடுங்கக்கா."

"மாடிச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணி."

வண்டியில் வந்த அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க மனமானி எங்கம்மா?"

"எனக்குக் கிடையாது."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஸ்டெஃபி.

"அக்கா, நேத்து ஆறு நாப்பதுக்கு உங்களுக்கு என்ன ஆச்சு? இங்க காரணம் கேக்குறாங்க. சரியான காரணம் சொன்னா இன்னிக்கே விட்டுடுவாங்களாம். சொல்லும்போது மனசு அசையுதான்னு பட்டையில பாக்குறாங்க. ஆபீஸ் டென்ஷன்னு சொன்னேன், பொய்னுடுச்சு. ரியாஸ் காதல் தோல்வின்னு சொல்லிப் பாத்தான். அதுவும் பொய்யாம்."

பிருந்தா சொன்னாள். கட்டியை, எட்டு நாளை, பத்து மணியை.

"தினமும் உங்க கையத் தொட்டுத்தானே மாட்டினேன்," என்ற ஸ்டெஃபியின் குரல் உடைந்தது. பின்னணியில் ஏதோ மணி ஒலித்தது. "ஒத்துக்கிச்சுக்கா. விடுறாங்க. எந்த ஆஸ்பத்திரி? இதோ வரேன்."

பிறகு வரிசையாக அழைப்புகள். சிலருக்கு மணி ஒலித்தது, சிலருக்கு ஒலிக்கவில்லை. கடைசியில் முகுந்தன்.

"பிருந்தா, என் பொண்டாட்டி ரிசல்ட்ட நினைச்சு மனசு கலங்கிட்டேன்னு சொன்னேன். பொய்னு சிவப்புக் காட்டுது. மூணு தடவை சொல்லிட்டேன். நான் என்னதான் பண்றது?"

"நிஜமாவே கலங்கிப் பாருங்க," என்றாள் பிருந்தா. "விட்டுடுவாங்க."

போனை வைத்தாள். நர்ஸ் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டாள். வராந்தாக் கோடியில் ஸ்டெஃபி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உங்க பொண்ணா?"

"எதிர்வீடு."

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

பிருந்தா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"முயற்சி பண்ணிக்கிட்டிருக்கார்," என்றாள்.