மூன்றரை மணி நேரத்தை விழுங்கிய டிரம்

டேட்டாபேஸ்காரன் அந்தப் பழைய காகித ஆலைக்குள் நுழைந்தபோது காலை மணி பதினொன்று. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். கட்டுப்பாட்டு அறைக்குள்ளோ பாழுங்கிணற்று இருட்டு. ஈரக் கூழின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. கண்ணாடிக்கு அப்பால் அரவை டிரம். ஒன்பது யானைகளை ஒரே வாயில் மென்று ஏப்பம் விடும் உடம்பு அதற்கு.

போன மாதம் அது ஒரு வெல்டரை மென்றது.

டிரம் மேல் தப்பில்லை. அது ஓட வேண்டிய நேரத்தைக் கடல் தாண்டிய தலைமை அலுவலகம் அனுப்பும்: மதியம் ஒன்று, கூடவே அந்த ஊரின் நேர வித்தியாசம். அங்கே ஒன்று என்றால் இங்கே நாலரை. ‘மணி போதாதா, இந்த வால் எதற்கு?’ என்று இவன் வித்தியாசத்தை நறுக்கிவிட்டு வெறும் ஒன்றை டேட்டாபேஸில் சேமித்தான். இங்கே ஒன்றுக்கே டிரம் சுழன்றது. உள்ளே பற்றவைத்துக்கொண்டிருந்தவரை வாளியில்தான் அள்ளினார்கள். காரணம் இவனுக்கு மட்டுமே தெரியும்.

இன்று அந்த வாலை ஒட்ட வந்திருக்கிறான். டிரம்முக்குள் கத்தி மாற்றிக்கொண்டிருக்கும் ஃபிட்டர் அவனுடைய தங்கை கணவன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. “என்ன மச்சான், தட்டியாச்சா? இல்ல கீபோர்டு மேலயே குறட்டையா?”

“முடிஞ்சுது மாப்ளே. நாலரை மணி வரைக்கும் உள்ள குடித்தனமே நடத்தலாம்.”

திரையில் மதியம் ஒன்று, வித்தியாசத்தோடு.

கண் சிமிட்டினான்.

திரையில் ஒன்று மறைந்து 11:20. வித்தியாசக் கட்டம் காலி.

சுவர்க் கடிகாரத்தில் 11:18.

அழித்தான். வந்தது.

மறுபடி அழித்தான். வந்தது.

“மச்சான்...” குரல் சுருங்கியிருந்தது. “உள்ள இன்னொருத்தர் வெல்டிங் பண்றாரு. நீங்க அனுப்புனீங்களா?”

“வெளிய வாங்க! ஓடி வாங்க!”

“என் காலைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறாரு.”

மெயின் சுவிட்சை இழுத்தான். ஆலையே அணைந்தது. டிரம் மட்டும் முனகிப் புரண்டது.

விழுந்தடித்து ஓடினான். டிரம்மின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து, மாப்பிள்ளையின் காலரைப் பிடித்து இழுத்தான். உள்ளிருந்து எரிந்த இரும்பின் வாடை.

“நான்தான்!” என்று அலறினான். “வித்தியாசத்தை வெட்டுனது நான்தான்! அவரை விட்டுடுங்க!”

உள்ளே இருந்தது மாப்பிள்ளையை விட்டது.

இவனுடைய வலது கையைப் பிடித்தது.

எலும்பு நொறுங்கிய சத்தத்தில் ஏழு தெரு நாய்கள் ஊளையிட்டன; ரத்தம் கூரையில் அடித்து மழையாய்க் கொட்டியது. தோள் வரை தின்றபின் டிரம் தானாக நின்றது.

அறுந்த கையைத் தேடி நாலு பேர் உள்ளே இறங்கினார்கள். கிடைத்தது. தனியாக இல்லை. வெல்டிங் உறை மாட்டிய இன்னொரு கை, இன்னும் சூடாக, அதன் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தது.

நாலு பேரும் பிரிக்கப் பார்த்தார்கள்.

பிடி இறுகியது.