அசோகன் போட்டுவைத்த இடம்

அவளை விட்டுவிடு. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும்.

விம்கோ நகர் மன்றத்தின் மரப்படிகளில் ஏறும்போது கார்குழலி இதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மகள் வேம்பு ஆறு நாளாகக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காலையில் கண்ணைத் திறந்து, "நைனா மன்றத்துல எனக்கு எடம் போட்டு வெச்சிக்கீது. வான்னு கூப்புடுதும்மா," என்றாள்.

அவள் நைனா அசோகன் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

"வாம்மா. மழ வர்றா மாறி கீது. இன்னிக்கு நாம மூணு பேரு, நெடுங்கடலாரோட நாலு," என்று சிரித்தார் செயலாளர் குணசேகரன்.

"அந்தாளுக்கு டீ செலவாவது மிச்சம்," என்றாள் இன்னொரு உறுப்பினரான கெங்கம்மா.

நெடுங்கடலார் எப்போதோ மறைந்துபோன அந்தக் காலத்துப் புலவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் பாட்டைப் படித்துப் பேசுவதுதான் மன்றத்தின் வேலை. அதற்கு முன் பதிவேட்டிலுள்ள பெயர்களை வாசிப்பார்கள். இறந்த உறுப்பினர் பெயரை அடிப்பதில்லை. சிவப்பு மையில் எழுதி, முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு ஆள் யாராவது "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும்.

இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் அவள் சொல்லியிருக்கிறாள். பாட்டு அவளுக்குப் புரிந்ததே இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும், அதற்காகவே வந்தாள். வாராவாரம் அவனை அழைத்து உட்காரவைத்தது தான்தான் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மின்விசிறி நின்றது.

"அசோகன்," என்று பதிவேட்டிலிருந்து வாசித்தார் குணசேகரன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தாச்சு."

அது அவள் குரல் இல்லை.

கரித்தூளும் குளியல் சோப்பும் கலந்த வாசனை எழுந்தது. அத்திப்பட்டில் கரி இறக்கிவிட்டு, குளித்த ஈரத்தோடு மன்றத்துக்கு ஓடிவருவானே, அந்த வாசனை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அதற்கடுத்த நாற்காலியில் ஒரு நீலத் துண்டு விரிந்திருந்தது. மகளுக்கு அப்படித்தான் அவன் இடம் போடுவான்.

அவனோடு சேர்த்துப் புதைத்த துண்டு.

குணசேகரன் பதிவேட்டின் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினார். "இத நா எழுதலம்மா. சத்தியமா எழுதல. செவப்பு மையில... அசோகன் கையெழுத்து."

"படிக்காதண்ணே."

அவர் வாய் தானாகத் திறந்தது.

"வேம்பு."

கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்குழலியின் காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது.

"சொல்லு குழலு. புள்ள காத்துக்கினு கீது."

எத்தனை ராத்திரி இந்தக் குரலுக்காக அழுதிருக்கிறாள். ஒரு சொல் போதும். தனியாக மருந்துச்சீட்டோடு அலைய வேண்டாம், அடுத்த ஞாயிறிலிருந்து மூவரும் ஒரே வரிசையில் உட்காரலாம். தொண்டைவரை வந்துவிட்ட சொல்லை விழுங்கினாள்.

எழுந்துபோய்த் துண்டை எடுத்தாள். சில்லென்று ஈரமாக இருந்தது. நான்காக மடித்து அவனுடைய நாற்காலியில் வைத்தாள்.

"அவ வரல."

காற்றே இல்லாத அறையில் துண்டு மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. தரையில் ஊர்ந்து, பழைய இடத்தில் ஏறி, மெல்ல விரிந்துகொண்டது.

கார்குழலி மறுபடி குனிந்து அதை எடுத்தாள்.

"வரமாட்டா," என்றாள், மெதுவாக.