தக்கையை விட லேசான கோள்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவர், அவரிடமே வேலை பார்த்த அவர் மகள், ஒரு நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்து எடுத்துக்கொண்டு மழையில் நனைந்து வந்த வெளியூர்க்காரன்.

வந்தவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய ஹெட்ஃபோனையும் மாட்டியிருந்தான்.

"ஹலோ சார்... அது என் இடம்."

"மத்த நாற்காலியெல்லாம் ஆடுதுங்க."

"உங்க நட்சத்திரத்தை விடவா?"

நிமிர்ந்து பார்த்தான். இமையில் இன்னும் மழை... அவள்தான் முதலில் கண்ணைத் திருப்பினாள்.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் ஒளியை ஒலியாக மாற்றிக் கேட்பது அவள் வழக்கம். நம் சூரியனைப் போன்ற அந்த நட்சத்திரம் ஒரே சீராக ரீங்கரிக்கும். நாலு நாளுக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம், சத்தம் இறங்கும்... கதவுக்கு அப்பால் யாரோ மூச்சை அடக்கி நிற்பதுபோல. லென்ஸில் தூசி என்று அப்பா கட்டுரையே எழுதிவிட்டார். மங்கிய அளவுகளை அழிப்பது மகளின் வேலை.

"இப்ப இறங்குது," என்றான். அவன் குரலும் இறங்கியிருந்தது. "தூசி நாள் பார்த்து வராதுங்க. இது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போற கோள். வியாழனை விடப் பெருசு... ஆனா தக்கையை விட லேசு. வெறும் காத்து."

அவளுக்குக் கை சிலிர்த்தது. "அவ்ளோ பெருசா... உள்ளே ஒண்ணுமே இல்லாமயா?"

"பயமா இருக்கா?"

"உங்களுக்கு?"

"காலைல வரைக்கும் அது ஒண்ணுக்குத்தான் பயந்தேன்..."

அவள் காது சுட்டது.

"நட்சத்திரம் ஆடுறதை வச்சு எடுத்த எடை என்கிட்ட இருக்கு. அதோட அளவை நிரூபிக்க, நீங்க அழிச்சதெல்லாம் வேணும்."

"அழிச்சது அழிச்சதுதான்," என்றார் அப்பா. "என் கட்டுரையைப் பொய்னு சொல்றவனுக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். கதவு மூன்றடி தூரம். போனால் திரும்ப மாட்டான்... அவள் வாயைத் திறந்தால் அப்பாவின் பேர் போகும்.

"அப்பா... நான் எதையும் அழிக்கல."

நாலு வருடத்து மங்கல்கள், முந்நூற்றுச் சொச்சம், திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஒரே வடிவப் பள்ளம்.

"ஏம்மா வச்சிருந்த?"

"மனசு வரலப்பா. அங்க நிஜமாவே ஏதோ நடமாடுதுன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு..."

அப்பா திரையிலிருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "திருத்தத்தை நானே எழுதுறேன்," என்றவர், கதவருகே நின்றவனிடம் திரும்பினார். "தம்பி, உட்காருங்க."

அவர் உள்ளறைக்குப் போனதும் அவன் மெல்லக் கேட்டான். "சத்தம் திரும்ப இன்னும் ரெண்டு மணி நேரமாகும். இருக்கலாமா?"

"இருங்க."

"அப்புறம்?"

"அப்புறமும்... இருங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவள் ஓடிப்போனாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அவள் ஓடவில்லை. திருத்தக் கட்டுரையிலும், கல்யாணப் பதிவேட்டின் சாட்சிப் பக்கத்திலும், முதல் கையெழுத்து அப்பாவுடையது.